ஒன்பதாம் நம்பர் நானுங்க

"யாருங்க இந்த நானுங்க?"

லோகப்பிரியா என்கிற பெண் அந்தக் குழுவில் கேட்டிருந்தது இவ்வளவுதான். கீழே ஒரு பழைய தாளின் படம். கோதை ஈகிள்ஸ் ரசிகர்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழு அது. எந்நேரமும் டிக்கெட், பார்க்கிங், எதிரணியைப் பற்றிய கிண்டல் என்று வந்துகொண்டே இருக்கும். நான் பாதியைப் படிப்பதில்லை. அன்று காலை அரிசிம்பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கைபேசி முனகியது. சும்மா ஒரு பார்வை பார்த்தேன். கடுகு கருகிவிட்டது.

தாளின் தலைப்பில் "கோதை மில்ஸ் கூடைப்பந்து அணி, 1978" என்று கொட்டை எழுத்து. அதன்கீழ் ஆட்டக்காரர்களின் எண்ணும் பேரும். நான்கு கோபாலுங்க. ஐந்து ஆறுச்சாமிங்க. ஆறு ஜோசப்புங்க. ஏழு, எட்டு எல்லாம் அப்படியே போய், ஒன்பது நானுங்க. அப்புறம் பத்து ரங்கராஜுங்க.

அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு ஓடினேன்.

"ஏனுங்க! உங்களையத் தேடறாங்க!"

இவர் செய்தித்தாளை இறக்கவில்லை. "எந்த பேங்க்குல இருந்து?"

"பேங்க்குமில்ல, ஒண்ணுமில்ல. இங்க பாருங்க. நானுங்க!"

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியில் துடைத்தார், மறுபடி மாட்டினார். ஆட்டம் நடந்த அன்றைக்குப் பிறகு அந்தத் தாளை இவர் இப்போதுதான் பார்க்கிறார். உதட்டோரம் ஒரு சிரிப்பு புறப்பட்டு மீசைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"போச்சாது உடு, அம்மணி" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

போச்சாது என்று விட எனக்கு மனமில்லை.

கோதை மில் ஓடிய காலத்தில் முதலாளி, ஷிப்ட் முடிந்த ஆட்கள் ஆடட்டும் என்று பஞ்சுக் குடோனுக்குப் பின்னால் செம்மண்ணில் ஒரு கோர்ட் போட்டுக் கொடுத்தார். ஆட்கள் ஜெயிக்க ஆரம்பித்ததும் அவருக்கு ஆசை கூடிப்போனது. நன்றாக ஆடுகிறவனை எங்கே கண்டாலும் பிடித்து வந்து மில்லில் வேலை போட்டுக் கொடுத்தார். வேலை பேருக்கு, சம்பளம் பந்துக்கு. செம்மண் சிமென்ட் ஆனது, விளக்குக் கம்பங்கள் வந்தன, பலகைக் கேலரி வந்தது. ஒரு நாள் மில் மூடிவிட்டது. நூற்கிற மெஷினெல்லாம் இரும்பு விலைக்குப் போயின. அணி மட்டும் போகவில்லை. முதலாளியின் பேரன்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு கோதை ஈகிள்ஸ் ஒப்பந்தம் போட்டு ஆட்டக்காரர்களை வைத்திருக்கிற அணி. பஞ்சாபில் இருந்தும் கேரளாவில் இருந்தும் பையன்கள் வந்து ஆடுகிறார்கள். மில் இருந்த இடத்திலேயே கூரை போட்ட அரங்கம்.

இவை எல்லாவற்றிலும் மாறாமல் வந்த ஒன்று புரோகிராம். ஆட்டத்தன்று வாசலில் விற்கிற மெல்லிய புத்தகம். இரண்டு அணி ஆட்டக்காரர்களின் பேரும் எண்ணும் இருக்கும், பருத்தி விதையில் இருந்து கிரைண்டர் வரைக்கும் விளம்பரம் இருக்கும். வலது பக்க மூலையில் ஒரு அதிர்ஷ்ட எண். பாதி ஆட்டத்தில் குலுக்கிப் போடுவார்கள். எண் விழுந்தவர் மூலையைக் கிழித்துக் கொடுத்தால் ஒரு சென்னிமலை பெட்ஷீட். அந்த ஆசையில் எண்ணைப் படிக்கிறதற்கு முன்னாலேயே மூலையைக் கிழித்துக் கையில் வைத்துக்கொள்கிற ஆட்கள்தான் அதிகம். அதனால் பழைய புரோகிராம் சேர்க்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் நலம் விசாரிப்பதில்லை. "மூலை இருக்குதுங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் மூலை இருக்கிறது. உள்ளூர் ஆட்டம் ஒன்று விடாமல் துடியலூரில் இருந்து பஸ் பிடித்துப் போவோம். கடைசி வரிசையில் உட்காருவோம். இவர் இரண்டு புரோகிராம் வாங்குவார். ஒன்று படிக்க, ஒன்று மடிக்காமல் வைக்க. பீரோவில் என் பட்டுப்புடவைகளைவிட அவைதான் பத்திரமாக இருக்கின்றன. எல்லாம் உண்டு, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் கைபேசியில் வந்தது.

அந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் இவர் எனக்குச் சொல்லியிருந்தார். 1978ல் இவர் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க், ஆட்கள் வந்துபோகிற நேரம் குறிக்கிற வேலை. ஆள் உயரம். கூச்சம் அதைவிட உயரம். ஷிப்ட் முடிந்து அணியோடு பழகுவார், பந்து பொறுக்கிப் போடுவார், ஆட்டம் மட்டும் கிடைக்காது. ஒரு நாள் ஒன்பதாம் எண் தண்டபாணிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. "நாளைக்கு ஒன்பது நீ போட்டுக்கடா" என்று சொல்லிவிட்டார் கோச். அதே மத்தியானம் அச்சகத்தில் இருந்து போன். போன் இருந்தது டைம் ஆபீஸில். எடுத்தது இவர்.

"பேரெல்லாம் சொல்லுங்க, எழுதிக்கறேன். நாலு?"

"கோபாலுங்க."

"அஞ்சு?"

"ஆறுச்சாமிங்க."

இப்படியே போய்,

"ஒன்பது?"

"அது... நானுங்க."

"சரிங்க. பத்து?"

இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பேரச் சொல்லியிருக்கலாமல்ல?"

"என்ற பேர நானே எப்பிடி அம்மணி சொல்றது? தம்பட்டம் அடிச்சாப்பல இருக்காது?"

மறுநாள் வாசலில் புரோகிராம் வாங்கியவர்கள் எல்லோரும் ங்க போட்டே கூவியிருக்கிறார்கள். கோபாலுங்க, பந்த இங்க போடுங்க! ஜோசப்புங்க, ஓடுங்க! கடைசியில், இரண்டு பேர் ஃபவுல் ஆகி வெளியே போன பிறகு, இவர் இறங்கியிருக்கிறார். கேலரி மொத்தமும் எழுந்து நின்று "நானுங்க! நானுங்க!" இவர் பந்து கைக்கு வந்ததும் சுடுகிற இட்லியைக் கை மாற்றுகிற மாதிரி அடுத்தவரிடம் மாற்றிவிட்டார். ஒரு தடவை எதிரணிக்காரன் மேல் முழங்கை உரசிவிட்டது. நடுவர் பார்க்கவே இல்லை. இவராகத்தான், "தெரியாமப் பட்டுருச்சுங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். நடுவர் உடனே விசில் ஊதி ஃபவுல் கொடுத்தார். ஆட்டம் தோற்றது. அடுத்த வாரம் தண்டபாணிக்குக் கால் சரியாகிவிட்டது. இவர் ஆடியது அந்த ஒரு ஆட்டம்தான். வெட்கத்தில் புரோகிராம்கூட எடுத்து வரவில்லை.

மதுக்கரையில் இருக்கிற என் தம்பி சரவணனுக்கு அன்று முதல் இன்று வரை இது ஒரு தீனி. விருந்துக்கு வந்து இலையில் உட்கார்ந்தால் போதும்.

"மச்சான், நீங்க கோதை மில்லுக்கு ஆடுனீங்களாமா?"

"ஒருக்கா ஆடுனேன்."

"புரோகிராமுல பேரு இருக்குமுங்களே. காட்டுங்க பாக்கலாம்."

இவர் ரசம் விட்டுக்கொள்வார். எனக்குத்தான் வயிறு எரியும்.

லோகப்பிரியா அனுப்பியதை அடுப்படியில் நின்று முழுதாகப் படித்தேன். அணிக்கு வயது அறுபது ஆகிறதாம். அரங்கத்தின் வாசல் சுவரில், ஒவ்வொரு வருடமும் அணிச் சட்டையைப் போட்டு ஆடிய ஒவ்வொருவரின் பேரையும் பித்தளை எழுத்தில் பதிக்கப் போகிறார்களாம். பழைய ஸ்கோர் தாள்களைக் கரையான் தின்றுவிட்டதால் புரோகிராமில் இருக்கிற பேர்தான் கணக்கு. "ஒன்பதாம் எண் தண்டபாணி சாராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். வேறு தகவல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழைய புரோகிராம் கண்காட்சிக்குள் சொல்லுங்கள். அன்று முடிவு செய்து எழுத்து வார்க்கக் கொடுத்துவிடுவோம்."

"ஏனுங்க, தண்டபாணி பேர போட்டுருவாங்களாமா."

"நல்லா ஆடுவாரு அம்மணி அவரு."

"ஆடுவாரு, நான் இல்லைங்கல. அவரு பேரு அந்தச் சுவத்துல வருசத்துக்கு வருசம் இருக்கும். உங்களுக்கு இது ஒண்ணுதானுங்களே?"

"அட, ஒரு மேட்ச்சு. அதும் தோத்த மேட்ச்சு."

"ஜெயிச்ச மேட்ச்சு பேரு மட்டும்தான் போடறாங்களா? ஒரு போன் போடுங்க."

"போன்ல பேசித்தான் இந்த வினையே" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

பேங்க்கிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டால் இவர் பேரைக் கணீரென்று சொல்லிவிடுவார். மெச்சிக்கொள்கிற இடத்தில் கேட்டால்தான் வாய் பூட்டிக்கொள்ளும். இனி இவரை நம்பிப் பயனில்லை என்று மறுநாள் நானே கிளம்பினேன். காந்திபுரத்தில் பஸ் மாறும்போதுதான் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது.

அரங்கத்தின் பக்கவாட்டில் அணி அலுவலகம். லோகப்பிரியா சின்னப் பெண். கழுத்தில் அட்டை, காதில் ஏதோ சொருகியிருந்தாள். நான் உட்கார்ந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, மோர் வரவழைத்துக் கொடுத்தாள்.

"கண்ணு, அந்த நானுங்க யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "யாருங்கம்மா?"

"எங்கூட்டுக்காரருங்க."

"சூப்பருங்கம்மா! அவங்க பேரு?"

வண்டி நின்ற இடம் இதுதான். என் புருஷன் பேரை நான் சொன்னதில்லை. என் அம்மா என் அப்பாவின் பேரைச் சொன்னதில்லை, என் மாமியாரும் என் மாமனாரின் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் அட்டையைக் காட்டுவேன். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்ப்பேன், அவர் சொல்லுவார். இத்தனை வருடமும் இப்படியே ஓடிவிட்டது.

"பேரு சொல்லறதில்லீங்க, கண்ணு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்க பாட்டியும் அப்பிடித்தானுங்க" என்று சொல்லி, கைபேசியை நீட்டினாள். "இதுல டைப் பண்ணிக் குடுங்கம்மா."

கண்ணாடி இல்லாமல் அந்த எழுத்தெல்லாம் எனக்குச் சிதறின கடுகுதான்.

"கண்ணு தெரியாதே கண்ணு. ஒண்ணு செய்யலாம். மலைப் பேருதானுங்க. நீ சொல்லு, நான் தலையாட்டறேன்."

"பழனி?"

"இல்ல."

"சென்னிமலை? மருதமலை?"

"அதெல்லாம் இல்ல. உடுமலைக்கு அக்கட்ட. அணை இருக்குது. மலைக்கு மேல அருவி இருக்குது."

"அய்யோ, காலேஜ்ல டூர் போயிருக்கோமுங்க! குளிச்சோமே! பஞ்சலிங்க அருவி!"

"அதேதான்! அங்கயேதான்!"

இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். அவள் எழுதிக்கொண்டாள். நான் இன்னொரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் கைபேசிக்குக் கண்காட்சி அழைப்பிதழ் வந்தது. இவர்தான் படித்தார். "மதிப்பிற்குரிய பஞ்சலிங்கம் ஐயா அவர்களுக்கு..." அதற்கு மேல் படிக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"பஞ்சலிங்கம்! இதும் நல்லாத்தான் இருக்குது அம்மணி. நானுங்கவுக்கு இது எவ்வளவோ தேவல."

"அருவியச் சொன்னேன், அந்தப் புள்ள அருவி பேரையே எழுதிப்போட்டுது. மலைய விட்டுப்போட்டுது. நீங்க கூப்புட்டுச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்லட்டும்? நான் பஞ்சலிங்கம் இல்லீங்க, நான் நானுங்கன்னா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஆட்டம் எப்படியும் பார்க்கப் போகிறதுதான் என்று இவரும் கிளம்பினார்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், அரங்கத்தின் ஒரு பக்கத்தில் மேசைகள் போட்டு, கண்ணாடிக்குக் கீழே புரோகிராம்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் அப்துல் வஹீது பாய் சேர்த்து வைத்தது. கோட்டைமேட்டில் அவர்கள் அச்சகத்தில்தான் அன்றும் இன்றும் கோதை புரோகிராம் அச்சாகிறது. வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. ஒவ்வொரு மேசையிலும் கூட்டம். அந்த 1978 தாள் இருந்த மேசையில் மட்டும் நெரிசல்.

இவர் அங்கே போய்க் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மூலை கிழியாமல் இருந்தது. திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நான் விடவில்லை. முதல் வரிசைக்கு இழுத்து வந்தேன்.

லோகப்பிரியா மைக்கைப் பிடித்தாள். "வஹீது பாய், அந்த ங்க புரோகிராம் கதையச் சொல்லுங்க."

"கதையில்லீங்க, மானம் போனது" என்று ஆரம்பித்தார் வஹீது பாய். "அப்ப நான் அச்சகத்துக்குப் புதுசு. கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் போன்ல பேரு எழுதினேன். மாப்பிள்ளை பேரு ராமலிங்கம். லைன் கரகரன்னுது. ராமலிங்க வரைக்கும்தான் காதுல விழுந்துது. நம்மூர்க்காரங்க மரியாதைக்கு ங்க போடறாங்கன்னு நெனச்சு, ங்க-வ வெட்டிப்போட்டேன். பத்திரிகையில மாப்பிள்ளை பேரு ராமலி."

அரங்கம் அதிர்ந்தது.

"பொண்ணூட்டுக்காரங்க வந்து, யாருங்க இந்த ராமலின்னு கேட்டாங்க. எங்க அத்தா எனக்கு அன்னைக்குப் போட்ட சட்டம்: சொன்னது சொன்னபடி எழுது. இனிமேல் ஒரு ங்க மேல கை வெக்காதே. அதுக்கப்புறம் வந்த மொதல் வேலை இந்தப் புரோகிராம். அத்தா ஒரு நிக்காஹ்வுக்குப் பாலக்காடு போயிருந்தாங்க. புரூஃப் பாக்க ஆளில்ல. சொன்னது சொன்னபடி எழுதினேன், கோத்தேன், அடிச்சேன். அவரு நானுங்கன்னாரு, நானும் நானுங்கன்னு போட்டேன். டைம் ஆபீஸ்ல இருந்து பேசினாங்க, அவ்வளவுதான் தெரியும். யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மிச்சப் புரோகிராமெல்லாம் திருப்பி அனுப்பிப்போட்டாங்க. அத்தா அதுல பத்திரிகைக் கட்டு மடிச்சே தீத்தாங்க. எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

லோகப்பிரியா அடுத்து தண்டபாணியை அழைத்தாள். கைத்தடியோடு வந்தார், ஆனால் தோள் இன்னும் கதவு மாதிரிதான் இருந்தது.

"சார், 1978ல ஒன்பது நீங்கதானுங்களே?"

"அந்த வருசம் பூரா நான்தான். எந்த மேட்ச்சு இது?" கண்ணாடிக்குள் குனிந்து தேதியைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "அட, இதுல நானில்லீங்க! கால் சுளுக்கி ஊட்டுல ஒத்தடம் போட்டுட்டுக் கெடந்தேன். எனக்குப் பதிலா டைம் ஆபீஸ் பையன் ஒருத்தன் ஆடுனான். ஒசரமா இருப்பான், வாயே தொறக்க மாட்டான். பந்து கால்ல இடிச்சா பந்துகிட்டயே மன்னிப்புக் கேப்பான்."

இவர் முகம் பழுத்த தக்காளியாக இருந்தது.

"அவங்க பேருங்க சார்?"

"பேரு..." தண்டபாணி மேலே விளக்கைப் பார்த்தார். "நாக்குலயே நிக்குது. அந்த மேட்ச்சுக்கு அப்புறம் எல்லாரும் அவன நானுங்கன்னேதான் கூப்புட்டோம். நெசப் பேரு மறந்தே போச்சு."

லோகப்பிரியா தாளைப் பார்த்தாள். "பஞ்சலிங்கம்னு ஒருத்தர் பதிஞ்சிருக்காங்க. பஞ்சலிங்கம் ஐயா வந்திருக்கீங்களா?"

"லிங்கமுங்களா?" என்று வஹீது பாய் பதறினார். "பாத்து எழுதும்மா, எனக்கு அந்தப் பேருன்னாலே ஆகாது."

நான் இவர் விலாவில் முழங்கையால் இடித்தேன். "எந்திரிங்க."

"பஞ்சலிங்கத்தத்தான கூப்புடறாங்க."

"வெளையாடாதீங்க, எந்திரிங்க!"

"சும்மா இரு அம்மணி."

யாரும் எழவில்லை. லோகப்பிரியா கேலரியைச் சுற்றிலும் பார்த்தாள், கீழே முதல் வரிசையில் இருந்த என்னைப் பார்க்கவில்லை. "இல்லீங்களா? அப்ப அந்த எடத்துல நானுங்கன்னே போட்டரலாமுங்களா?"

"போடுங்க! போடுங்க!" என்று கேலரி கைதட்டியது. நல்ல வேடிக்கை அவர்களுக்கு. பித்தளை எழுத்து. அழியாது. எல்லோர் பேரும் இருக்கும், இவருக்கு மட்டும் ஒரு சிரிப்பு இருக்கும். சரவணன் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுவான்.

எழுந்துவிட்டேன்.

"அது இவருங்க!"

"எவருங்க?" என்றார் வஹீது பாய்.

"எங்கூட்டுக்காரருங்க!"

அதற்கும் ஒரு சிரிப்பு. மொத்த அரங்கமும் என்னைப் பார்த்தது. நான் ஒருத்தியாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமலோ என்னவோ, இவரும் எழுந்து நின்றார். லோகப்பிரியா மைக்கோடு ஓடி வந்தாள்.

"ஐயா, நீங்களா அது?"

இவர் தொண்டையைச் செருமினார். மைக்கைப் பார்த்தார். அரை நூற்றாண்டாக இவர் மாறவில்லை.

"அது... நானுங்க."

அவ்வளவுதான். கேலரி எழுந்துவிட்டது. "நானுங்க! நானுங்க! நானுங்க!" இளவட்டங்கள் காலால் தரையை உதைத்தார்கள். பஞ்சாபிப் பையன்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு, அர்த்தம் தெரியாமல் அவர்களும் "நானுங்கா!" என்றார்கள். இவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. வஹீது பாய் எங்கள் பக்கம் வந்து, பேனாவைத் திறந்து, ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டார். அன்றைக்கும் போனைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் நின்றிருப்பார்.

"ஒன்பது யாருங்க?"

இவர் மறுபடி என்னவோ முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க! ஒன்பது யாருங்க?"

"திருமூர்த்திங்க!" என்றேன்.

அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. மைக் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பேர் கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. சத்தம் நின்றுவிட்டது. என் வாயில் அந்த மலைப் பேர் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை அறிந்ததில்லை. கொஞ்சம் கனமாக, நன்றாகத்தான் இருந்தது.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்புவது போல இவரும் திரும்பி, யாரோ வேற்றாள் கூப்பிட்டார்கள் என்ற நினைப்பில், "என்னுங்க?" என்றார் என்னைப் பார்த்து.

தண்டபாணி கைத்தடியைத் தூக்கினார். "ஆமா! திருமூர்த்தி! அவனேதான்! டேய், இத்தன வருசமா எங்கடா இருந்த?"

"கடைசி வரிசையிலதானுங்க இருந்தேன்" என்றார் இவர்.

வஹீது பாய் எழுதிக்கொண்டார். எழுதினதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, ங்க-வ எடுத்தரட்டுங்களா?"

"எடுத்தரச் சொல்லு அம்மணி" என்றார் இவர். "மத்தவங்க பேரெல்லாம் வெறுசா இருக்கறப்ப..."

"மத்தவங்க பேரு எப்பிடியோ இருக்கட்டுமுங்க" என்றேன். "வெறும் பேரச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொன்னது அப்பிடித்தான்."

வஹீது பாய் பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகினார். "எங்க அத்தா போட்ட சட்டம் இன்னும் இருக்குதும்மா. சொன்னது சொன்னபடி."

போகிற போக்கில் அந்தப் புரோகிராமை விலைக்குக் கொடுப்பாரா என்று கேட்டுப் பார்த்தேன். "உசிரக் கேளுங்க, தாரேன்" என்று சிரித்துவிட்டுக் கண்ணாடியைப் பூட்டிவிட்டார். எனக்குக் கோபமில்லை. மூலை இருக்கிற தாளை யார்தான் கொடுப்பார்கள்?

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்குப் போனபோது சுவரில் எழுத்து ஏறியிருந்தது. சரவணனும் மதுக்கரையில் இருந்து வந்திருந்தான். 1978க்கு நேராக நின்று, அண்ணாந்து, விரல் வைத்துப் படித்தான்.

"ஏக்கா, எல்லாருக்கும் வெறும் பேரு. மச்சானுக்கு மட்டும் எதுக்கு ங்க?"

"ஊட்டுக்காரி சொன்ன பேருடா அது."

அவன் கிண்டலை விட்டுவிட்டுத் தலையாட்டினான். அதுவும் முதல் தடவைதான்.

வாசலில் இவர் புரோகிராம் வாங்கினார். வழக்கமாக இரண்டு வாங்குகிறவர் அன்று மூன்று வாங்கி, ஒன்றைச் சரவணன் கையில் வைத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கிரைண்டர் விளம்பரத்துக்குக் கீழே, கட்டம் கட்டி, சின்ன எழுத்தில் வஹீது பாய் அச்சடித்திருந்தார்:

"திருத்தம். 1978ஆம் ஆண்டு புரோகிராமில் ஒன்பதாம் எண்ணுக்கு நேராக 'நானுங்க' என்றிருப்பதைத் 'திருமூர்த்திங்க' என்று திருத்தி வாசிக்கவும். தாமதத்துக்கு வருந்துகிறோம்."

சரவணன் இரண்டு தடவை படித்தான். பிறகு, பழக்க தோஷம், வலது மூலையைக் கிழிக்கப் போனான்.

"டேய்!" என்றோம் நானும் இவரும் ஒரே குரலில்.

கையை எடுத்துக்கொண்டான். "அது செரி, அக்கா. இனி மச்சானப் பேரு சொல்லித்தான் கூப்புடுவியா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் புரோகிராமை மடியாமல் பிளாஸ்டிக் உறையில் நுழைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் அம்மணி" என்றார். "நீ ஏனுங்கன்னே கூப்புடு. பேரச் சொன்னா, வேற யாரோ கூப்புடறாங்கன்னு நெனச்சுக்கறேன்."

"சரிங்க" என்றேன். "ஏனுங்க, வெசையா வாங்க. கடைசி வரிசை போயிரும்."